அறுபது குள்ளர்களும் ஒரே ஓர் எதிரியும்

குள்ளர் படை கட்டுவது என்பது தாடிக்கு நிறம் தீட்டும் தொழில். மற்றதெல்லாம் பேச்சுக்குத்தான். மேசைமேல் இரண்டு பொம்மைப் படைகளை எதிரெதிரே நிறுத்தி, அடிமட்டம் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி அடித்துக்கொள்ளும் விளையாட்டு இது. ஒரு குள்ளன் பெருவிரலில் பாதி உயரம் இருப்பான். அதற்குள் கோடரி, இரும்புத் தொப்பி, இடுப்புப்பட்டி, பட்டிக்கு ஒரு கொளுக்கி எல்லாம் இருக்கும். அந்தக் கொளுக்கிக்குப் பொன்னிறம் வைக்கக் குனிந்து, பிறகு கழுத்தை நிமிர்த்த முடியாமல் போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொல்லி விளங்காது.

நான் கடலோரக் கல்லடியில் பெயர்ப்பலகை எழுதுகிறவன். லண்டனில் இருக்கும் மைத்துனர் அனுப்பிய பெட்டியில் அறுபது குள்ளர்களும் அறுபது பூதங்களும் இருந்தன. குள்ளர்களை நான் எடுத்தேன். பூதங்களைக் காத்தான்குடி ரிஸ்வி எடுத்தான். புடைவைக் கடைக்காரன், படிக்கும் காலத்திலிருந்தே என் சதுரங்கக் கூட்டாளி. இந்த விளையாட்டுக்கு எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். தொழில் புத்தி விடுமா? நிறம் பூசி முடிக்காத பொம்மை மேசைக்கு வரக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டேன். ரிஸ்வி சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவனோடு அறுபதுக்கு அறுபதாக ஒரு முழுச் சண்டை. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தாடி

ரிஸ்வி ஒரே வாரத்தில் முடித்துவிட்டான். கடைக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ற்றில் அறுபது பூதங்களையும் முக்கி எடுத்துக் கொடியில் காயப் போட்டான். கண், பல், செருப்பு எல்லாம் ஒரே பச்சை. நானோ தூரிகையின் மயிரை மூன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு குள்ளனுக்கு மூன்று நாள் எடுத்தேன். பலகைக்கு அடிக்கிற பெயின்ற் தடிப்பு. முதல் ஐந்து பேருக்கு முகமே மூடிப்போய், மண்ணெண்ணெயில் கழுவித் திரும்பத் தொடங்கினேன்.

இதற்குள் கோயில் திருவிழாவுக்கான பலகை கேட்டுச் செயலாளர் மூன்று தரம் வந்துவிட்டார். மூன்றாம் தரம் மேசையில் இருந்த ஒருவனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இவ்வளவு தாடி வளர்க்க நேரமிருந்தவனுக்குக் கால் வளர்க்க நேரமில்லாமப் போயிட்டே."

கடலுக்குப் பிறகு

கடல் ஊருக்குள் புகுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, முப்பத்தெட்டுப் பேர் பூசி முடிந்து யன்னல் விளிம்பில் காய்ந்துகொண்டிருந்தார்கள். மனைவியும் மகளும் ஊருக்குள் மாமி வீட்டில் இருந்தார்கள். நான் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் பாலத்தடிக்குப் போயிருந்தேன். அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் தரை மட்டும் இருந்தது. பக்கத்து வளவு தங்கராசா அண்ணன் கடல் தொழில் செய்கிறவர். அவருடைய மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கடல் எடுத்துவிட்டது. அவர் நாள் முழுக்க மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நானும் கிளறினேன். என்ன தேடுகிறீர்கள் என்று அவர் கேட்டதற்குத் தூரிகைகள் என்று பொய் சொன்னேன். எட்டுக் குள்ளர்கள் கிடைத்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது; ஒவ்வொருவன் கிடைக்கும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்பதாமவனைத் தங்கராசா அண்ணன்தான் கொண்டுவந்தார். உடுத்திருந்த சாரத்தில் மண்ணைத் துடைத்து என் கையில் வைத்தார். "எங்கட ஆக்கள்ர ஒண்டும் கிடைக்கல்ல தம்பி. இது உங்கட ஆள்தானே?"

இழப்புப் படிவம்

பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமில் ஒரு படிவம் தந்தார்கள். இழந்த பொருட்களை எழுதச் சொன்னார்கள். சைக்கிள், தையல் மெஷின், ஏணி, தூரிகைகள் என்று எழுதிக்கொண்டு வந்து, கடைசி வரியில் 'குள்ளர் – 51' என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இன்றைக்கும் தெரியாது. போனதை எங்கேயாவது ஓரிடத்தில் எழுதி வைக்கவேண்டும் போல இருந்தது.

படிவத்தை வாங்கிய உத்தியோகத்தர் பல நாள் உறங்காதவர். சேட்டில் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். அவர் பகிடி விடவில்லை. "ஐம்பத்தொரு பேரா? குடும்ப அட்டையில இவங்கட பேர் இருக்கா?"

புது உடுப்பு

கிடைத்த ஒன்பது பேரையும் வைத்துப் பிளாஸ்டரில் அச்செடுத்தேன். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை உருக்கி ஊற்றி மற்ற ஐம்பத்தொரு பேரையும் நானே வார்த்தேன். அச்சு ஈரமாக இருந்தால் ஈயம் முகத்துக்குத் தெறிக்கும். என் இடது புருவத்தில் இன்னும் அடையாளம் இருக்கிறது. பகலில் பலகை வேலை தலைக்குமேல் இருந்தது. நிவாரணத்துக்கு வந்த யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஒரு கிணறு கட்டிக் கொடுத்தால் கிணற்றைவிடப் பெரிதாக ஒரு பலகை வேண்டும். ஆகவே ஐம்பது குள்ளர்களைப் பூசி முடிக்க ஒன்றரை வருஷம் போய்விட்டது.

ஒருநாள் ரிஸ்வி பொறுக்க முடியாமல் என்னைப் படையோடு வரச் சொன்னான். போனால், கடையின் பின் அறையில் கதவொன்றைக் கழற்றிச் சீலைக் கட்டுகள்மேல் வைத்து, அதற்குமேல் பச்சை வெல்வெட் விரித்து, அதன் அடியில் தேங்காய்ச் சிரட்டை வைத்து மலைகள்கூடச் செய்திருந்தான். பூதங்கள் அணிவகுத்து நின்றன. ஒன்றைத் தூக்கி மூக்குக்குக் கிட்டப் பிடித்து, முகம் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் வைத்தான். "உடம்பில சீனி கூடிட்டு மச்சான். கண்ணுக்குள்ள நூல் ஓடுற மாதிரி இருக்கு. இண்டைக்கே விளையாடுவம்" என்றான்.

என் தகரத்தில் அறுபது பேரும் இருந்தார்கள். ஆனால் பத்துப் பேர் வெறும் வெள்ளைப் பூச்சில் நின்றார்கள். சட்டம் சட்டம்தானே, ஒரு மாதம் பொறு என்றேன். அவன் கெஞ்சவில்லை. தேத்தண்ணி வரவழைத்தான். பிறகு வெல்வெட்டை மடிக்கும்போது சொன்னான்: "சண்டைக்கு வாறவன் புது உடுப்புப் போட்டுட்டா மச்சான் வாறான்?"

லீவு

அன்றைக்கே திரும்பி வரும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் சைக்கிளை மறித்தார்கள். தகரம் பாரமாக இருந்ததால் திறக்கச் சொன்னார்கள். அறுபது பேரும் கோடரியோடு படுத்திருந்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் ஒவ்வொருவராக எடுத்து மணல் மூட்டைமேல் வரிசையாக நிறுத்தினான். பொம்மை, விளையாட்டு என்று தெரிந்த சிங்களத்தில் இரண்டு சொல் சொன்னேன். அவன் ஒருவனை மட்டும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் உடைந்த தமிழில் கேட்டான்: "இவனுக்கு லீவு இருக்குதா?"

வீட்டில் சொன்னதும் மனைவி தகரத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். அவளில் பிழையில்லை. அதைவிடக் குறைந்த காரணத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போன காலம். பூசாத பத்துப் பேரை மட்டும் தூரிகைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன்.

பகடை

அந்த ஒரு மாதம், இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தது. நாட்டில் நடந்த உண்மையான சண்டை எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டது. இடம்பெயர்ந்து வந்தவர்களின் முகாம்களுக்குப் பலகை எழுதக் கிரானில் போய் நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் ஒரு குள்ளனுக்குப் புருவம் வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு வயற்காரர் வந்து குந்தினார். வட்டை வயலில் கதிர் முற்றி நிற்க, அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தவர். இது என்ன என்று கேட்டார். விளையாட்டை விளக்கினேன். யார் சாகிறது என்பதைப் பகடையில் விழும் எண்தான் முடிவு செய்யும் என்றேன்.

அவர் என் கையில் இருந்தவனைப் பார்த்தார். "அப்ப எங்கட மாதிரித்தான் தம்பி. உங்களுக்குப் பகடை கண்ணுக்குத் தெரியிது, அது ஒண்டுதான் வித்தியாசம்."

கைக்கு

வடக்கில் சண்டை எல்லாம் முடிந்துவிட்டது என்று ரிவிச் செய்தியில் சொன்ன அன்று தெருவில் எங்கேயோ பட்டாசு கொளுத்தினார்கள். எங்கள் ஒழுங்கை வீடுகளில் கதவுகளைச் சாத்திக்கொண்டோம். எனக்குச் செய்ய வேறொன்றும் தெரியவில்லை. அறுபதாவது குள்ளனின் கொளுக்கிக்குப் பொன்னிறம் வைத்தேன். நன்றாகத்தான் வந்தது.

சாவடிகளில் கெடுபிடி குறைந்து, மனைவி அலுமாரிச் சாவியைத் தந்த பிறகு தகரத்தோடு காத்தான்குடிக்குப் போனேன். இடையில் போனில் பேசும்போதெல்லாம் கண் எப்படி என்று கேட்பேன். "இருக்குது" என்பான், அவ்வளவுதான். கடையில் அவனுடைய தம்பி நின்றான். ரிஸ்வி பின் அறையில் இருந்தான். கொழும்பில் இரண்டு தரம் கண்ணுக்கு லேசர் பிடித்தும் சரிவரவில்லை என்று தம்பிதான் சொன்னான். வெல்வெட் விரித்திருந்தது. நான் பன்னிரண்டு பேராக ஐந்து வரிசை நிறுத்தினேன். சிவப்புத் தாடி, நீலச் சட்டை, பொன் கொளுக்கி என்று வாயால் சொல்லிக்கொண்டே நிறுத்தினேன். அவன் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு கையை நீட்டி முன்வரிசையில் ஒருவனை எடுத்தான். பெருவிரலால் தொப்பியிலிருந்து கால்வரை ஒரு தரம் தடவினான். திரும்பவும் தடவினான். "நல்லாத்தான் பூசியிருப்பாய் மச்சான். கைக்கு எல்லாம் ஒண்டுதான். அண்டைக்கே விளையாடியிருக்கலாம்."

இந்தத் தொழிலில் இறங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: படையை எத்தனை தரம் கடல் கொண்டுபோனாலும் திரும்ப வார்த்துப் பூசிவிடலாம், எதிரியை அப்படிச் செய்ய வழியில்லை.