என் நண்டுக் கட்டுரையை என்னிடமே அனுப்பினார்கள்

எண்ணூர் கழிமுகத்து நண்டுகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஓர் ஆய்விதழில் பதினான்கு மாதங்களாகக் கிடந்தது. இணையதளத்தைத் திறந்தால் ‘மதிப்பீட்டில் உள்ளது’ என்ற ஒரே வரி. காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பேன், எரிச்சல் வரும், பிறகுதான் பல் துலக்குவேன். ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்பது எங்கள் பல்கலைக்கழக விதி. கடைசி நீட்டிப்பில் ஐந்து மாதம் பாக்கி. அதுவும் தீர்ந்தால் ஆறு வருடப் படிப்பு அம்போ.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவருக்கு இது விளங்கவே இல்லை.

"கப்பலே ரெண்டு நாள்ல சரக்க எறக்கிட்டு போயிக்கினு கீது. பத்து பக்கத்த படிக்க இன்னாமா இவ்ளோ நாளு?"

படிக்க வேண்டியவர்கள் மற்ற ஆய்வாளர்கள், சம்பளம் கிடையாது, அதனால் ஆள் சிக்குவதில்லை என்று சொன்னேன். "சும்மா வேலைக்கு எவன் வருவான்?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அடுத்த வாரம் அதே இதழிலிருந்து ஒரு மின்னஞ்சல். என் நிபுணத்துவத்தைக் கருதி, ஒரு கட்டுரையை மதிப்பிட்டுத் தர வேண்டுமாம். எழுதியவரின் பெயரை மறைத்திருந்தார்கள். தலைப்பைப் படித்தேன். என்னுடையதேதான். எண்ணூர் நண்டு தெரிந்த ஆளைத் தேடித் தேடி, அவர்களுடைய கணினி கடைசியில் என்னைக் கண்டுபிடித்திருக்கிறது. வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்த வேகத்தில் ‘சம்மதம்’ என்று அழுத்தியும் விட்டேன்.

"அப்புறம் இன்னா? சூப்பரா கீதுன்னு ரெண்டு வரி எழுதிப் போட்டுடு" என்றார் அப்பா. எனக்கு அந்த ஆசை வரவில்லை என்றால் பொய். எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. கழிமுகத்து நண்டு தெரிந்த இன்னொரு ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். பள்ளியில் என்னோடு படித்தவன், நண்டு எண்ண மாதாமாதம் என்னைப் படகில் கூட்டிப்போனவன். கட்டுரையையும் எண்ணிக்கைக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

அவன் வலையில் சிக்கிய குப்பையை எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டான். நாங்கள் நண்டு எண்ணிய மூன்றாவது இடத்தில் மார்ச் மாதம் நண்டுகள் சட்டென்று குறைந்தன, நீர் சூடானதே காரணம் என்ற பகுதி வந்ததும் கையை நிறுத்தினான்.

"அந்த மாசம் நாம அங்க போவவே இல்லியே. மண்ணு மூடிக்கினு படகு போவல. உன்ன இந்தாண்டதான எறக்கி வுட்டேன்?"

குறிப்பேட்டைப் புரட்டினேன். அன்று இந்தப் பக்கம் எண்ணியதற்கும் வழக்கம்போல ‘இடம் மூன்று’ என்று போட்டிருந்தேன். ஓரத்தில் என் கையெழுத்திலேயே ‘மண்மேடு, படகு போகவில்லை’ என்றும் இருந்தது. பதினான்கு மாதங்களாக அந்த இதழில் யாரும் படிக்காததை அவன் ஒரு மணி நேரத்தில் படித்து முடித்துவிட்டான்.

அன்று மாலையே இதழின் ஆசிரியருக்கு எழுதினேன். இந்தக் கட்டுரை என்னுடையது, இதை மதிப்பிட எனக்கு உரிமையில்லை, ஆனால் இதில் ஒரு தவறு இருக்கிறது, திருத்த அனுமதியுங்கள். இதைச் சொன்னால் கட்டுரையைத் தூக்கிப் போடலாம், போட்டால் படிப்பும் போகும் என்று தெரிந்துதான் அனுப்பினேன். வீராப்பெல்லாம் இல்லை, நன்றாகவே பயந்தேன்.

இரண்டே நாளில் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தார், திருத்தி அனுப்பச் சொல்லியிருந்தார். அந்த மாதக் கணக்கை நீக்கினேன், சூடு பற்றிய வரிகளையும் வெட்டினேன். கட்டுரை கொஞ்சம் இளைத்தது. இந்த முறை நிஜமாகவே இரண்டு பேர் படித்தார்கள். கெடு முடியப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஏற்றுக்கொண்டார்கள்.

அப்பா தெருவுக்கே மிக்சர் வாங்கிக் கொடுத்தார். வந்தவர்கள் எல்லோரும் எப்போது டாக்டர் பட்டம் என்று கேட்டார்கள். நான் படகுக்காரனுக்குப் போன் போட்டேன். தண்ணீரில் இருந்தான், மோட்டார் சத்தம். ஏற்றுக்கொண்டார்கள் என்று கத்தினேன்.

"அத்த வுடு" என்றான். "அந்த மார்ச் மாசத்த எடுத்துட்டியா?"