கண்டி பஸ்

கண்டியில் குடியிருக்கிறவர்களுக்குக் கண்டி பஸ் தேவைப்படுவதில்லை. எங்கள் மாடிவீட்டு ஜன்னலுக்குக் கீழே விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை பஸ்கள் போகும். எல்லாமே வேறெங்கோ போகிறவை. கொண்டக்டர்மார் படியில் தொங்கிக்கொண்டு "பேராதெனிய, பேராதெனிய" என்றும் "கட்டுகஸ்தொட்ட" என்றும் கத்துவார்கள். நாலு வயது மகள் ஜன்னல் கம்பிக்குள் காலை நுழைத்து உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து கத்துவாள். தானே அத்தனை பேரையும் ஏற்றி அனுப்பி வைப்பதாக அவளுக்கு ஓர் எண்ணம்.

வீடு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் அறை, ஒரு கூடம், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போக வேண்டிய குசினி. கீழே பேக்கரி. பின்னேரமானால் பணிஸ் வேகிற வாசம் படியேறி வரும். அதன் பிறகு விகாரைப் பக்கமிருந்து மேளம், பள்ளிவாசலிலிருந்து பாங்கு, எங்கள் மாதா கோயில் மணி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். நான் வேலை செய்யும் அச்சகம் அடுத்த தெருவில். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டிருந்த மகளுக்கு ஊட்டிவிட்டு, தலையைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போகலாம். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்குச் சின்ன வயதில் கண்டி என்றால் கிறிஸ்மஸுக்கு உடுப்பெடுக்கப் போகும் ஊர். அந்த ஊருக்குள்ளேயே குடியிருப்பதை என் பெரிய கெட்டித்தனமாக நினைத்திருந்தேன். தோட்டத்திலிருந்து வரும் சொந்தக்காரர்களை ஜன்னலோரம் உட்கார வைத்துத் தெருவைக் காட்டுவேன். தெருவே எனக்குச் சொந்தம் என்கிற மாதிரி.

அந்த ஜன்னல் கண்ணாடியில் மகள் ஒரு மீன் ஒட்டியிருந்தாள். ஏதோ பிஸ்கட் பைக்கற்றுக்குள் வந்த சிவப்பு மீன் ஸ்டிக்கர். தலைகீழாக ஒட்டிவிட்டாள். சரிசெய்யலாம் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை. விட்டுவிட்டோம்.

பிறகு வீட்டுக்காரர், மாடியை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அறையாக மாற்றப் போவதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். தாழ்த்திச் சொன்னாலும் வீட்டை விட்டுப் போ என்றால் போகத்தான் வேண்டும். கணவருக்குப் பல்லேகலையில் வேலை. அதனால் அதற்குப் பக்கத்தில் திகனயில் ஒரு வீடு பார்த்தார். முற்றம், கொய்யா மரம், தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லை, காற்றோட்டம். வந்த அன்றே முற்றத்தில் நின்று நெஞ்சை விரித்து மூச்சிழுத்தார்.

"காத்தப் பாரு," என்றார்.

"காத்த எப்படிங்க பாக்குறது?" என்றேன்.

அன்றைக்கு லொறியில் மகள் என் மடியில் தூங்கிக்கொண்டே வந்தாள். அவளைப் பொறுத்தவரை, கண்டியில் கண்ணை மூடினாள், திகனயில் திறந்தாள். நடுவில் பாதை என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்து ஆற்றியிருக்கலாம். அவள் விருந்துக்கு வந்தவளைப் போல நடந்துகொண்டாள். விளையாட்டுச் சாமான்கள் இருந்த பையைக் கதவோரமே வைத்திருந்தாள். ஒரு பொம்மையைக்கூட வெளியே எடுக்கவில்லை. எடுத்து விளையாடேன் என்றால், "நம்ம வீட்டுக்குப் போய் எடுக்கலாம்" என்பாள். மாலையில் விளக்குப் போட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்று, "போவமா?" என்பாள். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே கவலை, இந்தப் பிள்ளை இங்கே ஒட்டுமா என்பதுதான். கண்டிப் பக்கம் கூட்டிப் போகவே வேண்டாம், பார்த்தால் இன்னும் ஏங்கிப் போவாள் என்று கணவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் பக்கத்தில் இருந்த கோயிலுக்கே போனோம்.

நான் மட்டும் தினமும் போய் வந்தேன். காலையில் மகளைப் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் விடுவேன். முஸ்லிம் பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், பிள்ளைகள் வளர்ந்து வெளியூரில் இருந்தார்கள். மகள் அவரை மாமி என்பாள். அவர்கள் வீட்டுக்கு நேரெதிரே பஸ் ஹோல்ட். ராத்தாவின் இடுப்பில் இருந்தபடி அவள் கைகாட்டுவாள். எங்கே போகிறேன் என்று கேட்டதில்லை. அம்மா வேலைக்குப் போகிறாள், அவ்வளவுதான்.

என் நிலைமையை என்னவென்று சொல்வது? பகல் முழுக்கக் கண்டியில்தான் இருந்தேன். அதே அச்சகம், அதே கதிரை, அதே தேநீர்க் கடை. ஆனாலும் பஸ்ஸுக்காக ஓடும்போது, மேளம், பாங்கு, மணி என்று அந்த மூன்று சத்தங்களும் தொடங்குகிற நேரமாகியிருக்கும். என் ஊர் எனக்குப் பின்னால் விளக்கேற்றிக்கொண்டிருக்க, நான் வெளியூர்க்காரியாட்டம் சீட் பிடிக்க முண்டியடிப்பேன். அந்தப் பழைய தெருப் பக்கம் போகாமல் சுற்றுவழியிலேயே நடந்தேன். பார்த்தால் தாங்காது.

ஒரு நாள் ராத்தா சொன்னார், "மகள் நல்லாத்தான் ஈக்கிறா. சாப்பிடுறா, தூங்குறா. ஆனா பஸ் சத்தம் கேட்டா கேட்டடிக்கு ஓடுறா. கண்டி பஸ் எப்ப வருமென்டு கேட்டா. இப்ப வருமென்டு சென்னேன். பஸ்ஸும் வந்திச்சு. பொறகு என்னோட கோவம்."

இரவு சாப்பிடும்போது மகளிடம் விசாரித்தேன்.

"மாமி பொய் சொல்றாங்க," என்றாள். பிள்ளைக் கோபம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை ராத்தாவுக்கு அக்குறணையில் கல்யாண வீடு. கணவருக்கும் வேலை. அச்சகத்தில் எனக்கு அவசரமாக முடிக்க வேண்டிய அழைப்பிதழ் ஒன்று. வேறு வழியில்லாமல் மகளையும் கூட்டிப் போவதென்று முடிவு செய்தேன்.

"கண்டிக்குப் போவமா?" என்று கேட்டதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கதவோரம் இருந்த பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹோல்டில் நின்றோம். பஸ் வந்தது. கொண்டக்டர் பையன் படியில் தொங்கியபடி, "நுவர, நுவர, நுவர" என்று கத்திக்கொண்டு வந்தான். நான் ஏறுவதற்குக் காலை வைத்தேன். மகள் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"இதில்லம்மா. இது நுவர பஸ்."

"இதுதான், வா."

"இது நீங்க வேலைக்குப் போற பஸ். நம்ம கண்டி பஸ்லதான் போகணும்."

பையன் ஏறச் சொல்லி "நகின்ன, நகின்ன" என்று அவசரப்படுத்தினான். நான் இறங்கி, போகச் சொல்லிக் கைகாட்டினேன். பஸ் போய்விட்டது. மகள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை கண்ணுக்குள்ளேயே நின்றது.

"கண்டி பஸ் வராதும்மா," என்றாள். "நான் தெனமும் பாக்குறேன். எல்லாம் நுவரக்குத்தான் போகுது. கண்டிக்கு ஒண்ணுகூட போகல்ல."

ஹோல்ட் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் செய்கிற வேலை என்ன? கல்யாண அழைப்பிதழ்களிலும் மரண அறிவித்தல்களிலும் ஒரு பக்கம் சிங்களத்தில் மகநுவர என்றும், மறு பக்கம் தமிழில் கண்டி என்றும் நாள் முழுக்க அடிப்பது. ஓர் எழுத்துப் பிசகினால் ஆட்களோடு சண்டைக்குப் போகிறவள். ஆனால் என் வீட்டுக்குள்ளே யாருக்கும் நுவர என்று சொல்லிப் பழக்கமில்லை. கண்டி என்போம், இல்லாவிட்டால் டவுன் என்போம். கண்டிக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தன் ஊரைச் சிங்களத்தில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எங்கே கேட்டிருக்கப் போகிறாள்? அவள் ஜன்னலுக்குக் கீழே எல்லா ஊரின் பெயரையும் கத்தினார்கள், அந்த ஊரின் பெயரைத் தவிர.

அவளை மடியில் இருத்திச் சொன்னேன். "நுவரன்னாலும் கண்டிதான்டா. சிங்களத்துல நுவர. நம்ம கண்டிங்கிறோம். ரெண்டும் ஒரே ஊர்."

யோசித்தாள். "எனக்கு வீட்டுல ஒரு பேரு, கோயில்ல ஒரு பேரு. அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

எனக்குப் பெரிய நிம்மதி. இவ்வளவுதானா விஷயம், ஒரு சொல்லிலா இத்தனை நாளும் பிள்ளை சிக்கிக் கிடந்தாள் என்று சிரிக்கக்கூடத் தொடங்கினேன். மகள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க தெனமும் நம்ம வீட்டுக்கா போறீங்க?" என்றாள். "என்னைய இங்க விட்டுட்டு?"

அச்சகம் வேறு, வீடு வேறு, வீடு இப்போது நம்முடையது இல்லை என்று எதையெல்லாமோ சொன்னேன். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. அடுத்த பஸ் வந்தது. அதே "நுவர, நுவர". இந்த முறை எனக்கு முன்னால் அவளே ஏறினாள்.

தென்னகும்புறப் பாலம் தாண்டி ஊர் தெரியத் தொடங்கியதும் சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டாள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கியபின் நான் அவளைக் கூட்டிப் போகவில்லை. அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். இத்தனை நாளும் நான் ஒதுக்கி வைத்திருந்த தெருவுக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். பணிஸ் வாசம் வந்தது. நிமிர்ந்து பார்த்தோம்.

ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருந்தார்கள். கம்பியில் யாருடையதோ பெரிய துவாய் ஒன்று காய்ந்தது. படிக்கட்டுக்குக் கீழே ஓர் இரும்புக் கதவு, அதில் பூட்டு. ஆனால் கண்ணாடியின் மூலையில் மீன் இருந்தது. வெயிலில் சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. தலைகீழாகவே இருந்தது.

பேக்கரிக்காரர் மகளை அடையாளம் கண்டு ஒரு கிம்புலா பணிஸை எடுத்து நீட்டினார். முதலைபோல நீளமாக, மேலே சீனி தூவியிருக்கும் அந்த பணிஸுக்காக முன்பெல்லாம் உயிரை விடுவாள். இப்போது கையில் வைத்துக்கொண்டு மேலேயே பார்த்தாள்.

"நம்ம போனப்புறம் மீன யாரு பாத்துக்கிறா?"

"நான் பாத்துக்கிறேன்," என்று வாய் முந்திவிட்டது. "தெனமும் வந்து பாத்துட்டு ஒனக்குச் சொல்றேன்."

"தெனமும்?"

"தெனமும்."

அதற்குப் பிறகுதான் பணிஸைக் கடித்தாள். அச்சக வேலையை முடித்துத் திரும்பும்போது பஸ்ஸில் பையைத் திறந்து ஒரு பொம்மையை வெளியே எடுத்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கூடியது. மதியம் சாப்பிட்ட கையோடு அந்தத் தெருவுக்குப் போவேன். எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்று மேலே பார்ப்பேன். பிள்ளைக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டாலும், எனக்கும் அங்கே போக ஒரு சாட்டு கிடைத்தது என்பதுதான் உண்மை. சில நாள் மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டுக்குள் திரும்பப் போய், குசினியில் இடித்துக்கொண்டு தேநீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருக்கும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் கேட்பாள்.

"மீன் இருக்கா?"

"இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்ப்போம். கணவருக்கு இது பைத்தியக்காரத்தனம். "அம்மாவும் மகளும் மீன் வியாபாரம் பண்றீங்களா?" என்பார்.

பொம்மைகள் ஒவ்வொன்றாகப் பையிலிருந்து வெளியே வந்தன. ராத்தாவின் வீட்டுக்கு ஒரு பூனை வந்தது, அது குட்டி போட்டது. திகனயிலேயே நேர்சரியில் சேர்த்தோம். கொய்யா காய்த்தது. பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்க வரும் பாண் ஆட்டோவை முதலில் கேட்பது யார் என்று பக்கத்துப் பிள்ளைகளோடு போட்டி போட்டாள். "பூன நல்லாத்தான் ஈக்கி" என்று மாமியைப் போலவே பேசத் தொடங்கினாள். விளக்குப் போட்டதும் செருப்பை மாட்டுவதும் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. காலியான பையை நான்தான் குசினிக் கதவுக்குப் பின்னால் மாட்டி அதில் வெங்காயம் போட்டு வைத்தேன். பிள்ளை ஒட்டிக்கொண்டாள். நான் ஆசைப்பட்டதும் அதுதானே.

முற்றத்துப் படியில் பஸ் விளையாட்டு விளையாடுவாள். பக்கத்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார, இவள் ஒரு கையால் தூணைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு "நுவர, நுவர, நுவர" என்று கத்துவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் தானாகவே, "கண்டிக்குப் போய்ட்டு வருவமா?" என்று கேட்டார்.

"நுவரக்கா?" என்றாள் மகள். "எதுக்கு?"

மீனைப் பற்றிக் கேட்பதும் குறைந்தது. முதலில் வாரத்தில் சில நாள் மறந்தாள். பிறகு நான் வந்து செருப்பைக் கழற்றி, கால் கழுவி, அடுப்பு மூட்டும்வரை அவள் முற்றத்திலேயே இருந்தாள். கேட்பாள், கேட்பாள் என்று நான் பார்த்திருப்பேன். நான் மட்டும் மதியத்தில் ஒரு நாளும் தவறவில்லை. மீன் இப்போது சிவப்பென்று சொல்ல முடியாத அளவுக்கு வெளுத்துவிட்டது. தெரியாதவர்கள் பார்த்தால் கண்ணாடியில் அழுக்கு என்பார்கள்.

நேற்று மாலை வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. மகள் பாயில் உட்கார்ந்து சோற்றுக்குக் காத்திருந்தாள். பூனைக்குட்டிகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கட்டும் என்று பொறுத்திருந்தேன். முடித்தாள். கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்க முடியவில்லை.

"மீன் இருக்கு," என்றேன்.

தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள், "எனக்கு வேணாம்மா. பருப்பே போதும்."

நான் பருப்பை ஊற்றினேன்.