கறிவேப்பிலை என்றாள்

கீரை விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. வல்லாரை என்று கட்டை நீட்டினால், ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டு இருக்கிறதா என்று ஒவ்வோர் இலையாகப் பார்ப்பேன். வழவழவென்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கோவில்பதாகையிலிருந்து வரும் கீரைக்காரி என் வாசலில் கூடையை இறக்கும்போதே பெருமூச்சு விடுவாள்.

எண்பதுகளின் கடைசியில் சேக்காட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். முன்னால் உண்டான இரண்டும் தங்கவில்லை. இதுவாவது நிற்க வேண்டுமே என்று தும்மக்கூடப் பயந்தேன்.

பக்கத்துப் போர்ஷன்காரி திடீரென்று மாறிப்போனாள். ஓயாமல் வாயாடுகிறவள், என்னைக் கண்டாலே கதவைச் சாத்தினாள். நான் குழாயடிக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் குடத்தை எடுத்தாள். அவள் புருஷனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அவன் சைக்கிளோ நின்ற இடத்திலேயே நின்றது. ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"நைட் ஷிப்ட்டுக்கா. தூங்கினு கீறாரு."

சைக்கிள் இல்லாமல் பறந்தா போனான்? அதோடு, அந்த வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனையே வரவில்லை.

ஒருநாள் காலை முறத்தில் குப்பையோடு கொல்லைப்பக்கம் போனாள். காய்ந்து சுருண்ட இலைகள் சில வழியில் உதிர்ந்தன.

"இன்னா எலைம்மா அது?"

"கறிவேப்பிலைக்கா," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

தாளிக்காத வீட்டில் கறிவேப்பிலைக்கு என்ன வேலை? ஒன்றைப் பொறுக்கி, சுருளைப் பிரித்து, ஓரத்தை நகத்தால் தடவினேன். ரம்பப் பல். வேப்பிலை! அடிப்பாவி, வீட்டில் அம்மையை வைத்துக்கொண்டா கதவைச் சாத்துகிறாய்? பிள்ளைத்தாச்சி பக்கத்தில் இருக்கிறேன், எனக்குச் சொல்ல வேண்டாமா? ஆத்திரத்தோடு போய் வழியை மறித்தேன்.

"உன் ஊட்ல அம்மா வந்துகீறா. ஏன்டி மறைச்ச?"

"கிட்ட வராதக்கா!" முறத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். கண் கலங்கியிருந்தது. "சொன்னா பயத்துலயே உனுக்குக் கலைஞ்சிடுமோன்னுதான் ஒளிஞ்சிகினு கீறேன். நீ பொழங்குற எடத்தகூட நான் தொடறதில்லக்கா."

பிறகு என் கையையே பார்த்தாள்.

"கைல இன்னாக்கா?"

அவள் புருஷன் படுத்திருந்த வேப்பிலை. இன்னும் என் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

"கீழ போடுக்கா! போய்க் கழுவுக்கா!" என்று அலறினாள். சோப்பு கரையக் கரையத் தேய்த்தேன். அதன்பிறகு ஒவ்வொரு கொசுக்கடியையும் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் செத்தேன். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து தினமும் ஒரு குரல் கேட்கும். "ஒண்ணும் இல்லியேக்கா?"

ஒன்றும் வரவில்லை. மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, பக்கத்துப் போர்ஷன்காரியைத்தான் முதலில் கூப்பிட்டேன். குழாயடிக்குப் போய் இரண்டு கையையும் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்துதான் குழந்தையை வாங்கினாள்.