எந்தத் தெரு?

டொராண்டோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், என் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்ட ஒருத்திக்கு நான் பொய் சொன்னேன். கேட்டவள் மரியா. போர்ச்சுகல்காரி, நான் டைப் அடிக்கிற அலுவலகத்தில் பக்கத்து மேசை. ஊருக்குப் புதுசு என்பதால், சனிக்கிழமை வந்து எங்கள் பகுதியின் பெரிய தெருவைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றாள். கிரேக்கர்களின் மாதா கோவில், சீக்கியர்களின் குருத்வாரா, சீனர் ரொட்டிக்கடை, ஜமைக்காக்காரரின் முடிவெட்டும் கடை என்று உலகமே அந்த ஒரு தெருவில் இருக்கிறதாம். எங்கே வந்து கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. நாலு தெரு தள்ளி இருக்கிற ஒரு தெருவின் பெயர் வாயில் வந்தது. சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் திருத்திச் சொல்லவில்லை.

ஏன் என்று நம் ஊரில் பாதிப் பேருக்கு விளங்காது. மீதிப் பேருக்கு விளக்கத் தேவையில்லை. அந்தப் பாதிப் பேருக்காக எழுதுகிறேன்.

எண்பதுகளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ். ஆறு மாத வயிற்றோடு கம்பியைப் பிடித்து நின்றபடி போய்வர முடியாமல், கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மா என் வயிற்றைப் பார்த்ததுமே உட்கார வைத்து, இலைக்கிழிசலில் பால்கோவா கொடுத்தார்.

"வயித்துப் புள்ளயோட எதுக்குத்தா பஸ்ஸுல அலையுத? செத்த நேரம் உக்காரு, சாவி எடுத்தாரேன்" என்றார்.

எடுத்தும் வந்தார். என் கையில் கொடுப்பதற்கு முன்னால், "ராஜபாளையத்துல எந்தத் தெரு?" என்று கேட்டார். ஊருணிக்கரைத் தெரு என்று உள்ளதைச் சொன்னேன். நம் பக்கத்தில் யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை, அம்புட்டு நாகரிகம். தெருவைக் கேட்டால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். அந்த அம்மாவின் முகம்கூட மாறவில்லை. சாவி மட்டும் ஆணிக்குத் திரும்பிப் போனது. "எந்தங்கச்சி குடும்பம் வரும்போல இருக்கு. பொறவு சொல்லிவிடுதேன்" என்றார். வாயில் பால்கோவா இன்னும் கரையவில்லை. அதைத் துப்பாமல் விழுங்கினேனே என்று இன்றைக்கும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒன்பதாம் மாதம் வரை வீங்கிய காலோடு பஸ்ஸில்தான் போனேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் கடைத்தெருப் பக்கம் என்றே சொல்லிப் பழகிக்கொண்டேன்.

மரியா சொன்ன மாதிரி ஒரு தெரு எங்களுக்கும் இருந்தது. அந்தக் கடைத்தெருவில் பள்ளிவாசல் உண்டு, மாதா கோவில் உண்டு, தெலுங்கு பேசுகிறவர்களின் சாவடி உண்டு. மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர்களும் சோழபுரத்திலிருந்து பருத்தி கொண்டுவந்தவர்களும் ஒரே கடையில் நின்று பேரம் பேசுவார்கள். வெளிநாட்டுக்காரர் பார்த்தால் படம் எடுத்துக்கொண்டு போவார், அப்படி ஒரு கலகலப்பு. ஆனால் இருட்டியதும் அவரவர் தெருவுக்குள் போய்விட வேண்டும். எந்தத் தெருவுக்குள் யார் குடிவரலாம் என்று எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எழுதாமலே எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்தச் சனிக்கிழமை மரியா பனியில் நின்று, நான் சொன்ன தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டி என் பெயரைக் கேட்டிருக்கிறாள். திங்கட்கிழமை என் முகத்தைப் பார்க்கவில்லை. மதியம்தான் வாய் திறந்தாள். தன் அம்மா வீடுகளில் தரை துடைத்தவள் என்று தெரிந்துதான் தன்னை வாசலில் சேர்க்க வெட்கப்பட்டாயா என்று கேட்டாள். இந்த முறை சாவியை ஆணியில் மாட்டியது நான்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. ஊருணிக்கரைத் தெருவில் ஏதாவது தொற்றுநோயா, திருடர்கள் அதிகமா என்று கவலையோடு விசாரித்தாள். சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகை வந்தது. நூற்றாண்டுக் கணக்கில் நாம் நடத்திவரும் அநியாயத்துக்கு, ஒரு அந்நியப் பெண்ணிடம் சொல்ல ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை என் வீட்டு வாசலிலிருந்தே கிளம்பினோம். கிரேக்கர் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினோம், குருத்வாராவில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. தெருவின் கடைசியில் ஒரு தமிழ்க் கடை இருந்தது. கடைக்காரர் சங்கரன்கோவில்காரர். அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் ஊரைச் சொன்னதும் அவருக்கும் மகிழ்ச்சிதான். காசு வேண்டாம் என்று ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்து நீட்டியபடியே, "ராஜபாளையமா? நம்ம பக்கந்தான். எந்தத் தெரு?" என்றார்.

மரியாவுக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே கேள்வி இன்னதென்று கண்டுபிடித்துவிட்டாள்.

"ஊருணிக்கரைத் தெரு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. கறிவேப்பிலையை மேசைமேல் வைத்துவிட்டு, பின்னால் திரும்பி டப்பாக்களை அடுக்கத் தொடங்கினார்.

மரியா அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கையை முகத்தருகே கொண்டுபோனேன். வாசனை என் ஊருடையது. கொடுத்தவள் என் ஊர்க்காரி இல்லை.