இத்தாவில் கேட்ட ராப்

என் வீட்டுக்காரர் மவுத்தாகி நான் இத்தா இருந்தபோது, பக்கத்து மனையில் ஒரு புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. புருஷனை இழந்தவள் நாலு மாதத்துக்கும் மேலாக வீட்டோடு இருக்கும் காலம் இத்தா. வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. நான் உள்ளறையில் இருக்க, வெளியே என் நானா, கூடப் பிறந்த அண்ணன், எங்கள் ஹார்டுவேர் கடைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். பொம்பளையால் அதை நடத்த முடியாது, இத்தா முடிவதற்குள் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் முடிவு. என்னிடம் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

உள்ளறை ஜன்னல் அந்தப் புது வீட்டைப் பார்த்திருந்தது. டைல்ஸ் போட வந்தவர்கள் காலையிலேயே ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார்கள். ஓடியதெல்லாம் ராப். துக்க வீடு பக்கத்தில் இருக்கிறதே என்ற இங்கிதம் வேண்டாமா? ஜன்னலைச் சாத்தினேன். எங்கள் ஊர் தலத்தெருவின் புழுக்கத்தில் அரை நாள்கூடத் தாங்கவில்லை, நானே திறந்துவிட்டேன்.

கேட்கக் கேட்க ஒரு சந்தேகம். பாடுகிற இந்தப் பையன் யாரோடு சண்டை போடுகிறான்? பாட்டு என்றால் ஒரு காதலி இருப்பாள், நிலாவாவது இருக்கும். இவனோ வாடகை, போலீஸ்காரர், அம்மாவின் முழங்கால் வலி என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகிறான். நடுவில் 'நாங்க இன்னும் இருக்கோம்' என்று ஒரு கத்தல். உடனே டைல்ஸ் அறுக்கும் மெஷின் கிர்ரென்று கிளம்பும், மீதி காணாமல் போகும். பாட்டில் வருகிறவர்களுக்கு என்னதான் ஆனது என்று தெரியாமல் தொழுகையில்கூட என் மனசு நிற்கவில்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

காலேஜ் படிக்கும் என் மகளிடம் விசாரித்தேன்.

"உம்மா, நீயா ராப் கேக்குற?"

"நான் எங்கடி கேக்குறேன். அது வந்து காதுல விழுவுது."

உடனே போனில் தேடிப் போடப் போனாள். தடுத்தேன். இத்தா வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால் தெரு என்ன பேசும்? "போடாதடி. படிச்சுக் காட்டு."

அப்படித்தான் அந்த ராப் எனக்கு முழுசாகக் கிடைத்தது. இசையும் இல்லை, தாளமும் இல்லை. பரீட்சைக்குப் பாடம் ஒப்பிக்கிற குரலில் என் மகள் வாசித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க ஒரு கெட்ட வார்த்தை வருது, விட்டுடுறேன்" என்றாள்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"நெறய இருக்கும்மா."

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்து முடித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது.

கதை இதுதான். அவர்கள் குடியிருந்த தெருவை இடித்து, எல்லாரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். பழைய இடத்தில் யாரும் அவர்களைத் தேடவில்லை. செத்தவர்களைப் பேசுகிற மாதிரி எங்களைப் பேசாதீர்கள் என்கிறான் பையன். மறுபடி வாசிக்கச் சொன்னேன். உயிரோடு இருக்கிறவன் எதற்காக அதை இத்தனை தடவை சொல்ல வேண்டும்? யார் இல்லை என்றார்கள்?

என்னிடம் துக்கம் விசாரிக்க வந்தவர்களே அதற்குப் பதில் சொன்னார்கள். சொந்தக்காரப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்புடி இருந்தவ!" என்பார்கள். பாசத்தில்தான் சொன்னார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனாலும் முகத்துக்கு நேரே அதைக் கேட்கும்போது, மவுத்தானது அவரா நானா என்று எனக்கே குழம்பிவிடும். அந்தப் பையனும் என்னைப் போல மாட்டிக்கொண்டவன்தான். அவன் கோபப்பட்டான், நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எப்படிக் கோபப்படுகிறான் என்று கவனிக்க ஆரம்பித்தேன். சாபம் விடுவதில்லை, கெஞ்சுவதில்லை. நடந்ததைச் சொல்கிறான், அடுத்து செய்யப்போவதைச் சொல்கிறான். அவ்வளவுதான் அவன் கோபம்.

ஒரு நாள் நானா உள்ளே வந்தார். "வரிச்சிக்குடிக்காரர் ஒருத்தர் கூடத்துல உக்காந்திருக்காரு. கடைய சரக்கோட எடுத்துக்கிறேங்குறாரு. நல்ல மனுசன். சாவியக் குடு."

"கடையில நான் உக்காரப் போறேன் நானா."

"பொம்பள உக்காந்து ஆணியும் பைப்பும் விப்பியா?"

"அவங்க வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போற நேரமெல்லாம் நான்தானே வித்தேன்."

"அப்ப அவரு இருந்தாரு."

"இப்ப நான் இருக்கேன்ல!"

குரல் உயர்ந்துவிட்டது. கூடத்தில் டீ கிளாசைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. நானா என்னையே பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "ஒன்ன நாலு பேரு ஒண்ணும் சொல்லிடக் கூடாதும்மா..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லட்டும். ஷட்டர் இறுகிக் கெடக்கும், அத மட்டும் தூக்கிக் குடுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

இத்தா முடிந்து கடை திறந்த அன்றைக்கு, முணுமுணுத்துக்கொண்டே வந்து தூக்கிக் கொடுத்தார். நான் தூசி தட்டி முடிப்பதற்குள் குரும்பகரத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து நின்றார். மோட்டார் பைப்புக்கு ஜாயின்ட் வேண்டுமாம். ஹெல்மெட்டைக் கழற்றியபடி என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

"ஓனர் இல்லீங்களா?"

"நான்தான். சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரர் இனி வரவே மாட்டார் என்பது எனக்கு முழுசாக உறைத்தது. அத்தனை மாதம் வராத அழுகை அங்கே நின்றபடியே பொங்கி வந்தது. வந்தவர் பதறிப்போய், "அப்புறமா வரட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேணாம், நில்லுங்க" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன சைஸ் என்று கேட்டேன்.