சல்லடைக் கண்களில் ஞாயிறு

மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தின் வாசலில் கல் பொறுக்கும் பெண்களுள் பார்வதம்மாளின் கை நிதானமான கை. பொன் ஊறிய கல்லையும் வெறுங்கல்லையும் அது பிரித்துப் போடும் நேர்த்தியை மேஸ்திரியே மெச்சுவார். அவளுக்கு மட்டும் அந்தக் கைகளின்மேல் நம்பிக்கை இல்லை.

குடியாத்தத்துப் பக்கமிருந்து கணவன் வேலுவோடு வந்த புதிதில், சூல் முதிர்ந்திருந்த நாளில், கிரகணம் என்று அறியாமல் அவள் பூசணிக்காய் அரிந்துவிட்டாள். பிறந்த ஆண்மகவுக்கு மேலுதடு பிளந்திருந்தது. பால் உறிஞ்ச மாட்டாமல், பெயரிடும் நாளுக்கு முன்பே அது கண்மூடிற்று. அன்று நாத்தனார் தங்கம்மா, “உன் அருவாமணதான் அவன் உதட்ட அறுத்துச்சு” என்றாள். அந்தச் சொல் பல ஆண்டுகள் சென்றும் ஆறவில்லை. பார்வதம்மாள் பின்பு அரிவாள்மணையைத் தொடவேயில்லை. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வரும் வேலுதான் காய் அரிவான். வரிசையாய்க் கட்டிய லைன் வீடுகளின் ஆண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நெடுநாள் கழித்து அவள் மீண்டும் கருவுற்றாள். அந்த ஆண்டுத் தை அமாவாசையன்று நண்பகலில் சூரியகிரகணம் என்று பஞ்சாங்கம் கூறிற்று. தங்கம்மா, பார்வதம்மாளின் அறைக்குள் ஒளி புகாதபடி ஓட்டைகளையெல்லாம் சாணியால் அடைக்கத் தொடங்கினாள். வேலுவின் கூட்டாளி சின்னசாமியோ, “உன் பொஞ்சாதிய கேஜுல ஏத்திக் கீழ அனுப்பிடுப்பா. ராகு ஷிப்ட்டுக்கு வரமாட்டான்” என்று கேலி செய்தான். வேலு சிரிக்கவில்லை. பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்க விட்டால் தேவலையே என்று உள்ளூர எண்ணிக்கொண்டான்.

அந்த வாரம் சென்னையிலிருந்து இன்பராஜ் என்றொருவர் ரயிலில் வந்து இறங்கினார். வானத்துக் கோள்களின் நடையை ஆராய்பவர். ஆராய்ந்ததை எளியவர்க்குச் சொல்லுவதே தம் கடன் என்று ஊர் ஊராகச் செல்பவர். பொழுது சாயும் வேளையில் மிஷன் பள்ளி முற்றத்தில் கூட்டம் கூடிற்று. படங்களையும் பெரிய சொற்களையும் எதிர்பார்த்து வந்தவர்கள், அவர் வேலுவின் தொப்பியில் களிமண்ணால் ஒட்டியிருந்த மெழுகுவத்தியைக் கேட்டபோது வியந்தார்கள்.

வத்தியைச் சுவர் மாடத்தில் ஏற்றி, எதிரே வேலுவை உட்காரவைத்து, இடையில் சின்னசாமியை மெல்ல நடக்கச் சொன்னார். சுடர் மறைந்தது, பின்பு தெரிந்தது. லெவல் என்னும் நிலத்தடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடக்கும் சுரங்கத்து ஆட்கள் நாள்தோறும் காணும் காட்சிதான் அது.

“வத்திய யாராவது தின்னாங்களா?” என்று கேட்டார்.

“சின்னசாமி தின்னக்கூடிய ஆளுதாங்க” என்று எவனோ சொல்ல, முற்றமே சிரித்தது.

அவர் வத்தியை ஞாயிறு என்றார். சின்னசாமியைத் திங்கள் என்றார். வேலுவை நாம் நிற்கும் பூமி என்றார். சிரிப்பு அடங்கியது. அத்தனை பெரிய விண்ணகம் அந்தச் சிறு முற்றத்துக்குள் இறங்கிவந்து நின்றதைப் பார்வதம்மாள் கண்டாள். உடல் சிலிர்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

“அய்யா, என் மூத்த புள்ள ஒதடு பொளந்து பொறந்து செத்துப்போச்சு. அந்த நெழலு அருவாமணையில பூந்து, வயித்துல இருக்கிற புள்ளைய அறுக்குமாங்களா?”

அவர் கேட்டவளின் பக்கம் திரும்பினார்.

“இல்லம்மா. சின்னசாமி நிழல் வேலு மேல விழுந்துச்சே, காயம் ஆச்சா? உங்க பிள்ளைக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரியும்னு சொல்ல மாட்டேன். ஆனா நிழல் அதச் செய்யல. உங்க கையும் செய்யல.”

பின்பு, கிரகணத்தன்று வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கவேண்டாம், சல்லடையை வெயிலில் பிடித்துத் தரையைப் பாருங்கள், துளைதோறும் ஞாயிறு தேய்வது தெரியும் என்று, தொடங்கும் நேரமும் விடும் நேரமும் குறித்து எல்லாருக்கும் சொன்னார்.

அமாவாசை நண்பகலில் தங்கம்மா கதவடைக்க வந்தபோது, பார்வதம்மாள் மாவுச் சல்லடையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். உள்ளிருந்து எழுந்த வசவுகளுக்கு அவள் செவிகொடுக்கவில்லை. வெயில் மங்கியது, காக்கைகள் மரம் தேடின. சல்லடையின் நிழலில், கண்ணுக்கொரு பிறையாக, நூற்றுக்கணக்கான ஞாயிறுகள் புழுதியில் கிடந்தன. இன்பராஜ் கூறிய நேரத்தில் கூறியபடியே அவை தேய்ந்தன. தேய்ந்து, மீண்டும் வளர்ந்தன. படைத்தவன் இட்ட ஒழுங்கு இத்துணைப் பிழையற்றதா என்று அவள் உள்ளம் கைகூப்பிற்று. கடைசிவரை அவள் கைகள் சல்லடையை இறக்கவில்லை.

பிறைகள் நிறைந்து வட்டமானபின் வேலு தலைமுழுகி, முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்க அமர்ந்தான்.

“ஏகாம்பரத்துக்கும் ஒரு கை உடுங்க” என்றாள்.

“அது யாரு?”

“நம்ம மூத்தவன். அப்பவே மனசுல வெச்ச பேரு. சொல்ல வாய் வரல.”

வேலு அவளை ஏறிட்டு நோக்கினான். இன்னொரு கை நீர் விட்டான்.

அமாவாசைச் சமையலுக்காகப் பூசணிக்காயோடு அவன் அடுக்களைக்குள் நுழைந்தபோது, பார்வதம்மாள் பரணிலிருந்து அரிவாள்மணையை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். காயை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வேலை பறிபோனவன்போல் அவன் அங்கேயே நின்றான்.