முஆஸ் நானாவின் நோன்பு அட்டை

செய்தி வந்தபோது பின்னேரம் மூன்றே கால். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஃபாஹிமா பாமஸியின் பின்மேசையில், அன்றைய கிளினிக்குக்கு வராதவர்களின் மருந்து அட்டைகளை ஒரு பக்கமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சிற்றூழியர் சாள்ஸ் வாசலில் வந்து நின்றார். வரும்போதே ஏதாவது பகிடி விட்டுக்கொண்டு வருகிற மனிதர், அன்று நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், உப்பளத்தில இருந்து ஒராளைக் கொண்டு வந்திருக்கிறாங்க. டொக்டர் பாக்கிறாரு. ஆனா முடிஞ்சுது மிஸ்."

"ஆரு?"

"நம்மட சீனிப் போத்தல்."

அந்த ஆஸ்பத்திரியில் அந்தப் பெயர் முஆஸ் ஒருவருக்குத்தான். சீனி வருத்தக் குளிசைகளைப் பழைய சீனிப் போத்தல் ஒன்றில் போட்டு வைத்திருப்பார். ஒவ்வொரு மாதமும் கிளினிக்குக்கு வரும்போது அந்தப் போத்தலையும் தூக்கிக்கொண்டு வந்து, மருந்து கொடுக்கிற ஜன்னலில் 'டக்'கென்று வைப்பார். காலைக் குளிசை, இரவுக் குளிசை, பிரஷர் குளிசை எல்லாம் அதற்குள் ஒன்றாய்க் கிடக்கும். அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டு ஃபாஹிமா ஏசுவாள்.

"நானா, எதுக்கு நான் வேற வேற உறையில போட்டுத் தாறன்?"

"உறைய எறும்பு அரிக்குது மிஸ். போத்தல்ல எறும்பு ஏறாது. சீனி இருந்தப்பவே ஏறல்ல."

தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. அப்போது அவருக்குப் பதினேழு வயது. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி ஓலைக் கொட்டிலில் இருக்க வந்தவர்கள், அந்த இடத்திலேயே கல்வீடு கட்டி, பிள்ளைகளுக்குக் கலியாணமும் முடித்துவிட்டார்கள். முஆஸ் உப்பளத்தில் இறங்கியது இருபது வயதில். கற்பிட்டிப் பெண் அலீமாவைக் கட்டியது இருபத்தாறில். நாற்பதில் சீனி வருத்தம் வந்தது. உப்புக்குள் நிற்கிறவனுக்கு உப்பு வருத்தம் வராமல் சீனி வருத்தம் வந்ததை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவரும் அவர்தான்.

கிளினிக்கைத் தவறவிட்ட கூட்டாளிகளுக்குத் தன் போத்தலிலிருந்து நாலைந்து குளிசை எடுத்துக் கொடுப்பதும் உண்டு. "ஒரே வருத்தம், ஒரே குளிசை, இதில என்ன இரிக்கி?" என்பார். ஃபாஹிமா எவ்வளவு சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு மனிதன் பசியோடு வந்தால் சோறு கொடுக்கிற மாதிரித்தான் அவர் மருந்தையும் கொடுத்தார்.

ஃபாஹிமா அந்த ஆஸ்பத்திரியின் மருந்தாளர். களப்புக் கரையிலுள்ள சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி அது. காலையில் முந்நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். உறையில் 'காலை இரண்டு, இரவு ஒன்று' என்று எழுதி, கை நுழைகிற அளவு ஓட்டையால் நீட்டி, அடுத்த பெயரைக் கூப்பிடுவதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் வேலை.

போன வருடம் அவளை மூன்று மாதப் பயிற்சிக்குச் சீனாவுக்கு அனுப்பினார்கள். யுனான் மாகாணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மருந்தாளர்கள் டொக்டர்மாரோடு வார்டுக்குப் போனார்கள். இந்த ஊசி இந்த ஆளுக்கு எதற்கு, இந்த இரண்டு மருந்தும் ஒன்றாகப் போகலாமா என்று டொக்டரிடமே கேட்டார்கள். டொக்டர்மாரும் கோபிக்காமல் பதில் சொன்னார்கள். வயதான ஒரு தேயிலைத் தோட்டக்காரர் வீட்டிலிருந்த மருந்தையெல்லாம் ஒரு பையில் கொண்டுவந்து மேசையில் கொட்ட, ஒரு இளம் மருந்தாளர் கால் மணித்தியாலம் அவரோடு இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்ததை ஃபாஹிமா பக்கத்தில் நின்று பார்த்தாள். மொழி விளங்கவில்லை. ஆனால் அந்தக் கிழவரின் பை அவளுக்கு நன்றாக விளங்கியது. பைக்குப் பதிலாக அவளுடைய ஊரில் ஒரு சீனிப் போத்தல் இருந்தது.

திரும்பி வந்ததும் முஆஸ்தான் முதலில் பிடித்துக்கொண்டார்.

"நுரைச்சோலையில சீனாக்காரன் பவர் ஸ்டேஷன் கட்டிக் கரண்ட் தாறான். இனி எங்கட மிஸ் சீனா மருந்தும் தரப் போறாவா?"

"சீனா மருந்தில்ல நானா. மருந்து குடிக்கிற முறையத்தான் படிச்சிட்டு வந்திருக்கன்."

"அதுக்கு மூணு மாசமா? வாயத் திறந்து போட்டு, தண்ணியக் குடிக்கிறது!"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் அவருக்குச் 'சீனா மிஸ்'.

ஒவ்வொரு நோன்பு மாதத்திலும் சீனி இறங்கி மயங்கி வருகிறவர்களை ஃபாஹிமா பார்த்திருந்தாள். காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான். உறையில் காலைக்கு இரண்டு என்று எழுதியிருக்கும். நோன்பு காலத்தில் காலை என்பது சஹர். ஆகவே விடியுமுன் சஹர் சோற்றைத் தின்றுவிட்டு இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். பிறகு அந்தி வரைக்கும் தண்ணீரும் இல்லை. குளிசை மட்டும் உள்ளே இருந்து வேலை செய்யும். யாரும் கவலையீனமாக இருக்கவில்லை. எழுதியிருந்ததை எழுத்துத் தவறாமல் செய்தார்கள்.

டொக்டர் றொகான் அவள் சொன்னதைக் கேட்டதும் ஒத்துக்கொண்டார். பெரிய அளவை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவோம் என்றும், சஹர் அளவை ஒவ்வொருவரின் கிட்னி ரிப்போட்டையும் பார்த்துத் தானே போடுவதாகவும் சொன்னார். அதற்கு ஒரு அட்டை வேண்டும். எழுத்து வாசிக்காதவர்களுக்கும் விளங்க வேண்டும். சீனாவில் பார்த்தபடி ஃபாஹிமா ஒரு பக்கம் சூரியனும் மறுபக்கம் நிலாவும் கீறினாள். முதலில் முஆஸிடம் காட்டினாள்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீனா மிஸ், இதில சஹர் எது?"

"சூரியன் நானா."

"சஹருக்கு எங்க சூரியன்? அந்த நேரத்தில சேவலும் படுத்திருக்கும். நோன்பு திறக்கிற நேரத்திலயும் சூரியன் போயிரும். எங்களுக்கு ரெண்டு நேரமும் இருட்டுத்தான் புள்ள. இங்க தாங்க பேனைய."

ஜன்னல் பலகையில் வைத்து அவரே கீறினார். நோன்பு திறப்பதற்கு ஒரு பேரீச்சம்பழம். சஹருக்கு ஒரு பீங்கானில் குவித்த சோறு. பழம் கரப்பான்பூச்சி மாதிரி இருந்தது. சாள்ஸ் எட்டிப் பார்த்து, "நோன்புக்கு நீங்க இதையா திங்கிறது?" என்று கேட்டார். முஆஸ் விழுந்து விழுந்து சிரித்து, பழத்துக்குப் பக்கத்தில் ஒரு கஞ்சிக் கோப்பையையும் சேர்த்துவிட்டார்.

அந்த அட்டையில் அவர் பெயரையே ஃபாஹிமா எழுதினாள். பேரீச்சம்பழத்துக்குக் கீழே இரண்டு என்று போட்டாள். பீங்கானுக்குக் கீழே ஒன்றும் போடவில்லை. டொக்டர் போட வேண்டிய இடம்.

"சரி, தாங்க கொண்டு போறன்."

"இப்ப இல்ல நானா. இதைப் பாத்துத்தான் மத்த அட்டையெல்லாம் அச்சடிக்கணும். டொக்டரும் எழுதணும். முழுசா முடிச்சுத் தாறன்."

"அச்சடிச்சது எனக்கு வேணாம். நான் கீறினதுதான் வேணும்."

"அதுதான் தருவன்."

சஹருக்கு என்ன செய்வதென்று அவர் கேட்கவில்லை. டொக்டர் சொல்லும்வரை சஹருக்கு ஒன்றும் போட வேண்டாம் என்று ஃபாஹிமாவும் சொல்லவில்லை. நோன்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் எல்லாம் அட்டையில் வந்துவிடும் என்று நினைத்தாள். அரைகுறையாக எதையும் கையில் கொடுப்பது அவளுக்குப் பிடிக்காது. சீனாவில் அச்சடித்த, ஒழுங்கான தாள்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அந்தக் குணம் கூடியிருந்தது.

டொக்டர் றொகான் கொழும்புக் கூட்டம் முடிந்து புதன்கிழமைதான் வருவார். ஆகவே புதன் பகல் இரண்டு மணிக்கு விசேட கிளினிக் வைத்தார்கள். பிறை முப்பதாய் முடிந்து வியாழக்கிழமைதான் முதல் நோன்பு என்று ஊரெல்லாம் கதை. வானமும் மூட்டமாக இருந்தது. ஆனால் செவ்வாய் பின்னேரம் வேறெங்கோ பிறை கண்டுவிட்டார்கள்; புதனே முதல் நோன்பு என்றாகிவிட்டது. வானொலியில் அறிவித்தபோது ஃபாஹிமா இஷாத் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு முதலில் நினைவு வந்தது முஆஸின் போத்தல்தான்.

அலீமாவின் தொலைபேசி இலக்கம் அவளிடம் இருந்தது. டொக்டருடையதும் இருந்தது. தொலைபேசியைக் கையிலும் எடுத்தாள். அளவை மாற்றுவது டொக்டரின் வேலை. கொழும்பில் இருக்கிறவரை வீட்டு நேரத்தில் தொந்தரவு செய்வதா? ஒரு நாள்தானே, நாளை இரண்டு மணிக்கு எல்லோரும் வரத்தானே போகிறார்கள் என்று திரும்பவும் வைத்துவிட்டாள். அதன்பிறகு எத்தனையோ தரம் அந்த நிமிடத்தை நினைத்துப் பார்த்திருக்கிறாள். சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வசனம்.

புதன் பகல் டொக்டர் வந்தார். பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக அட்டை எழுதினார்கள். இரண்டு இருபதுக்கு ஃபாஹிமா ஜன்னலால் "முஆஸ்" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

"முதல் நோன்பு மிஸ். எங்கயாவது குறட்டை விடுவாரு" என்றார் சாள்ஸ்.

அவர் உண்மையிலேயே படுத்துத்தான் இருந்தார். பகல் வரை உப்பு வாரிவிட்டு, "கொஞ்சம் சாஞ்சிட்டுக் கிளினிக்குக்குப் போறன்" என்று சொல்லித் தறப்பாள் நிழலில் படுத்திருக்கிறார். தொப்பியை முகத்தில் போட்டிருந்தார். மேலெல்லாம் வியர்வை. நோன்பாளியின் தூக்கமும் நன்மைதான், எழுப்பாதீங்கடா என்று மூத்த ஒருவர் சொல்ல, அவரைச் சுற்றிச் சத்தம் போடாமல் நடந்திருக்கிறார்கள். லுஹர் தொழுகைக்குக் கூப்பிட்டபோது ஏதோ முனகினாராம். அது போதும் என்று விட்டுவிட்டார்கள். மூன்று மணிக்குத் தொப்பியை எடுத்த பிறகுதான் ஓட்டோ பிடித்தார்கள்.

ஏழாம் நாள் ஃபாஹிமா அவர் வீட்டுக்குப் போனாள். அலீமா, கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில், அறைக்குள் இருந்தாள். அலுமாரியின் மேல் சீனிப் போத்தல் இருந்தது.

"சஹருக்கு ரெண்டு போட்டாரு மிஸ். தண்ணி நான்தான் குடுத்தன்" என்றாள் அலீமா. "இண்டைக்கு அட்டை கிடைக்கும் எண்டாரு. நான் கீறின படத்த அச்சடிச்சு ஊருக்கே குடுக்கப் போறாங்க எண்டு பேரப்புள்ளைக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சாரு."

ஃபாஹிமா தலை குனிந்திருந்தாள். இந்த வீட்டில் தன்னை யாராவது ஏசினால் நல்லது என்று தோன்றியது. யாரும் ஏசவில்லை.

"அவரு கீறின அட்டை உங்கட்டத்தானே இரிக்கி? அதக் கொண்டு வந்தீங்களா மிஸ்?"

கைப்பைக்குள் இருந்தது. "அடுத்த முறை கொண்டு வாறன்" என்றாள்.

அந்த நோன்பு முடியும்வரை நூற்றுப் பன்னிரண்டு பேர் அந்த அட்டையைப் பார்த்து மருந்து குடித்தார்கள். சீனி இறங்கி மயங்கி அந்த ஆஸ்பத்திரிக்கு வேறு ஒருவரும் வரவில்லை. புத்தளத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் அட்டையைக் கையில் எடுத்து, இது என்ன பூச்சி என்று கேட்டார். பேரீச்சம்பழம் என்றாள் ஃபாஹிமா. யார் கீறியது என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்; அவர் கேட்கவில்லை.

பெருநாள் கழித்து டொக்டர் றொகான் முஆஸின் பழைய ரிப்போட்டை எடுத்துப் பார்த்தார். கிட்னி ஏற்கனவே பழுதுபட்டிருந்தது. சஹருக்கு ஒன்றும் கொடுத்திருக்கக் கூடாது என்றார். ஒன்றும் இல்லை என்பதற்கு அட்டையில் அவர்கள் வைத்திருந்த அடையாளம் ஒரு சின்னக் கோடு.

முஆஸ் கீறிய அட்டை பாமஸி மேசையின் இரண்டாம் லாச்சியில் இருக்கிறது. பேரீச்சம்பழத்துக்குக் கீழே இரண்டு என்று இருக்கிறது. பீங்கானுக்குக் கீழே அந்தக் கோடு இன்னும் போடப்படவில்லை.